பேர் இல்லாத மாத்திரை

அத்தைக்கு முதலில் வந்தது பல்வலி. வலது கன்னத்தில் ஃபேன் காற்றுப் பட்டால் போதும், சுரீரென்று ஒரு வெட்டு. சில விநாடிகள்தான். அதற்குள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். பேசினால் வெட்டும், மென்றால் வெட்டும், முகம் கழுவினால் வெட்டும். டவுனில் ஒரு பல் டாக்டரிடம் போய் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பல் போனது, வலி போகவில்லை.

மதுரையில் ஒரு நரம்பு டாக்டர் அவள் சொன்னதைக் கேட்டதுமே பிடித்துவிட்டார். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. மூளையிலிருந்து முகத்துக்கு வரும் நரம்பின்மேல் ரத்தக்குழாய் ஒன்று உரசிக்கொண்டிருந்தால் இப்படி வெட்டும் என்றார். அவர் எழுதிய மாத்திரை கார்பமசிபின். வலிப்புக்குக் கொடுக்கிற மருந்து அது. இந்த முகவலிக்கும் கேட்கிறது என்று ஸ்வீடன் மருத்துவர் ப்லோம் 1962-இல் எழுதினார்; இன்றைக்கும் இந்த வலிக்கு முதலில் எழுதுவது அதைத்தான். அத்தைக்கும் கேட்டது. ஒரு வாரத்துக்குள் தீபாவளி முறுக்கைக் கடித்துத் தின்றாள். "தெய்வம்யா அந்த மாத்திரை" என்று போனில் என்னிடம் சொன்னபோது குரலே மாறியிருந்தது.

இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டவர்களெல்லாம் அந்த டாக்டரைத் திட்டினார்கள். இங்கிலீஷ் மருந்தே விஷம் என்று ஒரு பெரியப்பா வாசலில் உட்கார்ந்து சொற்பொழிவே ஆற்றினார். டாக்டர் கொடுத்தது அந்த வலிக்குச் சரியான மருந்து. அளவும் சரி. அத்தை ஒரு வேளைகூடக் கூட்டியோ குறைத்தோ சாப்பிடவில்லை.

மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. கண் சிவந்து, தொண்டை எரிந்து, எச்சில் விழுங்க முடியவில்லை. பக்கத்து க்ளினிக்கில் ஊசி போட்டுக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் நெஞ்சிலும் முதுகிலும் கருஞ்சிவப்பாகப் புள்ளிகள். தெருவில் இருந்த கிழவி எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா வந்திருக்கா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிராதீங்க" என்றாள். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. தாளிப்பு நின்றது, இளநீர் வந்தது. கிழவியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காய்ச்சலும் கண் சிவப்பும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வந்தால் ஊரில் யாருக்கும் அதுதான் தோன்றும். ஆனால் அத்தையே ஒரு வித்தியாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்: "அரிக்கலடி, எரியுது. சேலை பட்டாலே எரியுது." அம்மைக் கொப்புளம் அரிக்கும். தோல் புண்ணாகும் முன்பே, புள்ளி தெரிகிற அளவைவிட அதிகமாக வலித்தால் அது வேறு சங்கதி. இது எனக்குப் பிறகு தெரிந்தது.

அம்மை என்று முடிவானதும் க்ளினிக் கொடுத்த காய்ச்சல் மாத்திரைகளைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டார்கள். முகவலி மாத்திரையை மட்டும் அத்தை விடவில்லை. அதை நிறுத்தினால் அந்த வெட்டு திரும்ப வந்துவிடும் என்ற பயம். விழுங்க முடியாமல் போனதும், கரண்டியின் பின்பக்கத்தால் நுணுக்கித் தண்ணீரில் கரைத்துக் குடித்திருக்கிறாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

மாமா போன் பண்ணி நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது உதடு முழுக்கக் கறுப்பாக ரத்தப் பொருக்கு. கண் திறக்கவில்லை. எழுப்பி உட்கார வைக்கலாமென்று தோளுக்குக் கீழே கை கொடுத்தேன். காய்ச்சின பாலில் ஏடு நகர்கிற மாதிரி அவள் தோல் என் விரல்களுக்குக் கீழே நகர்ந்தது. கையை எடுத்துவிட்டு 108-க்குப் போன் போட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் வார்டு ட்யூட்டியில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். கொப்புளத்துக்குப் பக்கத்தில், பார்க்க நன்றாக இருந்த தோலில், கட்டைவிரலை வைத்து லேசாகத் தள்ளினார். தோல் விலகிக் கீழே சிவப்பாகத் தெரிந்தது. நிமிர்ந்து எங்களைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி: "கடந்த ரெண்டு மாசத்துல புதுசா என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?"

"முகவலிக்கு ஒரு மாத்திரைம்மா" என்றார் மாமா.

"பேரு?"

"வெள்ளையா, ரவுண்டா இருக்கும்."

டாக்டர் கோபப்படவில்லை. ஒரு நாளில் எத்தனை பேர் இதே பதிலைச் சொல்வார்களோ. வீட்டில் இருந்த அத்தை மகளுக்குப் போன் போட்டு, இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சாமி அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் எல்லாம் கிடந்தன. க்ளினிக் கொடுத்தவை சின்னக் காகித உறையில், உறைமேல் பால்பாயிண்ட் பேனாவால் போட்ட கோடுகள் தவிர ஓர் எழுத்தும் இல்லை. முகவலி மாத்திரை மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது. பதினைந்து நாளைக்கு வேண்டியதைக் கணக்குப் பார்த்து அட்டையைக் கத்தரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மிஞ்சிய துண்டில் '200 மி.கி.' என்று இருந்தது. மருந்தின் பெயர் இருந்த பாதி கடையிலேயே நின்றுவிட்டது. தேதியும் பேட்ச் நம்பரும்கூட அந்தப் பக்கம்தான். ஒரு மணி நேரம் கழித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் நரம்பு டாக்டரின் சீட்டு கிடைத்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த டாக்டர், "கார்பமசிபின். இதை இனிமே தொடவே கூடாது. கடைசியா எப்போ குடுத்தீங்க?" என்றார்.

"காலைலதான்மா. கரைச்சுக் குடிச்சா" என்றார் மாமா. அவருக்கு வார்த்தை வரவில்லை.

கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் டாக்டர் ஒரு கோடு போட்டார். மாத்திரை ஆரம்பித்த நாள், காய்ச்சல் வந்த நாள், க்ளினிக் போன நாள் என்று புள்ளி வைத்தார். க்ளினிக் மாத்திரைகள் காய்ச்சலுக்குப் பிறகு வந்தவை, ஆகவே அவை காரணம் இல்லை. இந்த மாதிரித் தோல் வினை பெரும்பாலும் மருந்து தொடங்கி 4 நாளிலிருந்து 28 நாளுக்குள் வரும். வருஷக்கணக்காகச் சாப்பிடுகிற மாத்திரையால் வருவது அபூர்வம். கார்பமசிபின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. ஃபெனிடோயின், லாமோட்ரிஜின் மாதிரி வலிப்பு மருந்துகள், யூரிக் ஆசிட்டுக்குக் கொடுக்கும் அலோப்யூரினால், சல்ஃபா மாத்திரைகள், எச்.ஐ.வி.க்குக் கொடுத்துவந்த நெவிரபின் ஆகியவையும் இந்தப் பட்டியலில் முன்வரிசை என்றார்.

பிறகு அளந்தார். அத்தையின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து ஒரு சதவீதம் என்று கணக்கு. அந்தக் கை அளவை மனத்தில் வைத்து மார்பு, முதுகு, தொடை என்று தோல் உரிந்த இடங்களையும் உரியப்போகிற இடங்களையும் எண்ணிக்கொண்டே போனார். 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம். 30-க்கு மேலே போனால் டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ், சுருக்கமாக டென். இரண்டுக்கும் நடுவில் இருந்தாள் அத்தை. நியூயார்க்கில் 1922-இல் இரண்டு சிறுவர்களுக்குக் காய்ச்சல், வாய்ப்புண், கண் அழற்சியோடு வந்த தோல் தடிப்பை ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு டாக்டர்கள் எழுதினார்கள். 1956-இல் ஸ்காட்லாந்தின் ஆலன் லயல் நாலு பேரைப் பற்றி எழுதியபோது, வெந்நீர் கொட்டிய தோல் போல இருக்கிறது என்றே தலைப்பில் போட்டார். இரண்டும் ஒரே நோயின் இரண்டு கரைகள் என்பது பின்னால் தெளிவானது. உயிருக்கு ஆபத்து எவ்வளவு என்று நான் கேட்டபோது டாக்டர் மழுப்பவில்லை. கீழ்க்கரையில் பத்துப் பேரில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு, மேல்கரையில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். "முப்பதைத் தாண்டாம இருக்கணும். மருந்தை நிறுத்திட்டோம், அதுதான் முதல் வைத்தியம்."

அதற்குப் பிறகு நடந்ததில் ஊசி மருந்தைவிடக் கை வேலைதான் அதிகம். மேல்தோல் போனதும் உடம்பு நீரையும் சூட்டையும் பிடித்து வைக்க முடியாது, கிருமிக்கும் கதவு திறந்துவிடும். தீக்காயத்துக்குப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்கள். ஃபேனை நிறுத்தினார்கள். சைக்ளோஸ்போரின் கொடுத்தார்கள், ஸ்டீராய்டு வேண்டுமா வேண்டாமா என்று ரவுண்ட்ஸில் இரண்டு பெரிய டாக்டர்கள் எங்கள் முன்னாலேயே வாதாடினார்கள். பிளாஸ்திரி ஒட்டவே கூடாது. ட்ரிப்ஸ் ஊசியைக்கூடத் துணிக் கட்டால்தான் சுற்றி நிறுத்தினார்கள், ஏனென்றால் எது ஒட்டினாலும் எடுக்கும்போது தோலோடு வரும். படுக்கை விரிப்பு முதுகில் ஒட்டிக்கொண்டதும் ஸ்டாஃப் நர்ஸ் அக்கா கேட்டது வாழை இலை.

குருத்தாக, கிழியாத இலை. மாமா தினமும் விடிவதற்குள் தோப்பில் அறுத்துக்கொண்டு வருவார். நடுநரம்பைச் சீவி எடுத்துச் சுருட்டிக் கொடுத்தால், ஆஸ்பத்திரியில் அதை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்குவார்கள். பச்சை மங்கிப் பாசி நிறமாகி, துணி மாதிரித் துவண்டு வரும். அதை விரித்து அத்தையைத் தூக்கி, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் வார்டு பாய், அலுங்காமல் இறக்குவோம். இலையில் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு இருக்கிறது. புண்ணில் ஒட்டாது, ஈரமும் காக்கும். தீக்காய வார்டுகளில் இதை முறையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், விலை கொஞ்சம்தான், வலியும் குறைவு. வேப்பிலைக் கிழவி பார்க்க வந்தபோது, அத்தை வாழை இலையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "நான் சொன்னதைத்தானே இவிங்களும் செய்றாய்ங்க" என்றாள். அம்மை கண்டவர்களை வாழை இலையில் கிடத்துவது பழைய வழக்கம்தான். யாரும் மறுக்கவில்லை.

கண்தான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. இமையின் உள்தோலும் விழியின் தோலும் உரிந்து, ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். கண் டாக்டர் வந்து கண்ணாடிக் குச்சியால் இமைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பிரித்துவிடுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து. அது என் வேலை. கீழ் இமையை இழுக்கும்போது அத்தை கத்தமாட்டாள், வாய் திறந்தால் உதடு கிழியும். என் மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொள்வாள்.

ஒரு விசித்திரம்: தலையில் ஒன்றும் ஆகவில்லை. முடி இருக்கும் தலைத்தோலை இந்த நோய் பெரும்பாலும் விட்டுவிடும். உடம்பெல்லாம் உரிந்து கிடந்தவளின் கொண்டை மட்டும் அப்படியே இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பள்ளிக்கூடப் பையன். அவனுக்கும் வாயும் கண்ணும் அத்தையைப் போலவே வெந்திருந்தன, உடம்பில் நாலைந்து கொப்புளம்தான். மாத்திரை எதுவும் சாப்பிடாதவன். மைக்கோப்ளாஸ்மா என்ற நுரையீரல் கிருமியால் குழந்தைகளுக்கு இப்படி வரும் என்றார்கள். தோல் தப்பித்துக்கொள்ளும், குணமாகிறவர்களே அதிகம். அவன் அத்தைக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டான்.

ஏன் அத்தைக்கு மட்டும்? அந்த நரம்பு டாக்டரிடம் காட்டி அதே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். ஒருநாள் வராந்தாவில் டாக்டர் டீ குடித்துக்கொண்டே விளக்கினார். நம் செல்கள் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஒரு தட்டு ஏந்தி, உள்ளே இருப்பதைக் காவல் செல்களுக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு, பரம்பரையாக வருவது. எச்.எல்.ஏ-பி 15:02 என்ற வடிவம் இருந்தால் கார்பமசிபின் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். காவல் செல் அதை அந்நியன் என்று நினைத்துத் தோலின் செல்லையே கொல்லக் கிளம்பும். அது கக்கும் நஞ்சு கிரானுலைசின். இந்த நோயாளிகளின் கொப்புள நீரில் அது மிகுதியாக இருப்பதை 2008-இல் தைவான்காரர்கள் காட்டினார்கள். அதே தைவானில் 2004-இல், கார்பமசிபினால் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேருக்கும் அந்த 15:02 இருந்தது. இந்தியாவில் 2009-இல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வில் 8 பேரில் 6 பேருக்கு. இது இருக்கிற எல்லோருக்கும் தோல் உரியாது, பெரும்பாலானவர்கள் மாத்திரையைச் சாப்பிட்டு நன்றாகவே இருப்பார்கள். ஆனாலும் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுகிற விஷயம். ஆசிய வம்சத்தவர்களுக்கு இந்த மருந்தைத் தொடங்கும் முன் இதைப் பார்த்துவிடுவதை சிங்கப்பூர் 2013-இலேயே வழக்கமாக்கிவிட்டது. அங்கே இருக்கிற தமிழனுக்குக் கிடைக்கிற இந்தச் சோதனை இங்கே இருக்கிறவனுக்குக் காசு இருந்தால்தான். கேட்கத் தெரிந்தால்தான் அதுவும்.

அத்தையின் ரத்தத்தைத் தனியார் லேப் மூலம் அனுப்பிப் பார்த்தோம். இருந்தது. அவள் பிள்ளைகளுக்கு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவின் உடன்பிறந்தவள் என்பதால் எங்கள் வீட்டுக்கும் அந்தக் கணக்கு நீளும்.

தோல் ஆறியது. புதுத்தோல் கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுத்திட்டாக வந்தது. நகங்கள் ஒவ்வொன்றாக விழுந்து மறுபடி முளைத்தன. எல்லோரும் மூச்சு விட்ட நேரத்தில் கன்னம் திரும்ப வெட்ட ஆரம்பித்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மாத்திரையையே குடுங்கய்யா. தோல் போனா போகட்டும்" என்றாள். அந்த வலி எப்படிப்பட்டது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மாமா எழுந்து வெளியே போய்விட்டார். ஒரே குடும்பத்து மருந்துகள் என்பதால் ஃபெனிடோயினும் ஃபினோபார்பிட்டலும்கூட அவளுக்கு ஆகாது. பாக்லோஃபெனும் காபாபென்டினும் கொடுத்துப் பார்த்தார்கள், பாதி அடங்கியது. கடைசியில் உரசுகிற ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி, நடுவில் பஞ்சு மாதிரி ஒன்றை வைக்கும் ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் கதை இன்னொரு கட்டுரைக்கு ஆகும். இப்போது முறுக்குக் கடிக்கிறாள்.

கண் முழுசாகச் சரியாகவில்லை. கண்ணீர் ஊறுவதில்லை, இமை முடி உள்நோக்கி வளர்ந்து விழியைக் கீறுகிறது. உதட்டின் உள்பக்கத் தோலில் ஒரு கீற்று எடுத்து இமை விளிம்பில் வைத்துத் தைத்தார்கள், அதற்குப் பிறகு வெயிலில் கண் திறக்க முடிகிறது. கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தபோது, சின்ன வயதில் சல்ஃபா மாத்திரையால் இரண்டு கண்ணும் போன ஒருவர் பக்கத்தில் இருந்தார். சென்னை சங்கர நேத்ராலயாவில் செய்கிற பல் ஆபரேஷனைப் பற்றி அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: நோயாளியின் சொந்தக் கோரைப்பல்லை எலும்போடு எடுத்து, துளை போட்டு உள்ளே லென்ஸ் பொருத்தி, சில மாதம் உடம்புக்குள்ளேயே வைத்திருந்து, பிறகு கண்ணில் பதிப்பார்கள். ரோமில் ஸ்ட்ராம்பெல்லி என்பவர் கண்டுபிடித்தது. அத்தை காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "என் பல்லைத்தான் பிடுங்கிப் போட்டானே பாவி" என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார்.

டிஸ்சார்ஜ் அன்று அந்த இளம் டாக்டர் இரண்டு காரியம் செய்தார். மருந்தால் வந்த கேடு என்று ஒரு படிவம் நிரப்பினார். 2010-இலிருந்து இதற்கென்று தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது, 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே கூடச் சொல்லலாம். இன்னொன்று, ஆகாத மருந்துகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு கார்டு. அத்தை அதை லேமினேட் போட்டுச் சுருக்குப் பையில் வைத்திருக்கிறாள். மூட்டுவலிக்கு, சளிக்கு, எதற்குப் போனாலும் முதலில் அதைத்தான் மேஜையில் வைப்பாள்.

போன மாதம் அவளை மெடிக்கல் ஷாப்புக்குக் கூட்டிப்போனேன். ஐந்து நாளைக்குச் சத்து மாத்திரை. கடைக்காரப் பையன் கத்தரியை எடுத்தான்.

"வெட்டாத."

"பத்து இருக்கு பாட்டி, உங்களுக்கு அஞ்சுதான் எழுதியிருக்கு."

"பேரு எந்தப் பக்கம் இருக்கு?"

"அந்தப் பக்கம்."

"அப்ப முழுசாக் குடு. மிச்ச அஞ்சுக்கும் காசு வாங்கிக்க."

பையன் என்னைப் பார்த்தான். நான் பர்ஸை எடுத்தேன்.